வெள்ளைப் பூ சொன்ன பள்ளிக்கூடம்

கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டி வந்தது. சிங்களவர், பறங்கியர், மலாய்க்காரர் என்று பல இனப் பிள்ளைகளும் படித்த கன்னியாஸ்திரீகள் பள்ளியை மனைவி விரும்பினாள். எனக்கு அடுத்த தெருத் தமிழ்ப் பள்ளியே போதும். வெள்ளைக்காரத் தலைமை அம்மாளிடம் போய்ப் பேச எனக்குப் பயம். அதை வெளியே சொல்லவில்லை.

வாக்குவாதம் முற்றியதால், சாமியே சொல்லட்டும் என்று சொந்த ஊரான ஏரலில் இருந்த அண்ணனுக்கு எழுதினேன். சன்னதியில் வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகப் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். பத்து நாளில் பதில் வந்தது. வெள்ளைப் பூ வந்ததாம், சுபமாம்.

எந்தப் பூ எந்தப் பள்ளிக்கு என்று நான் எழுதவே இல்லை. அண்ணனும் கேட்கவில்லை, சாமியும் கேட்கவில்லை.

"வெள்ளைன்னா தமிழ்ப் பள்ளிக்கூடம்னு நெனச்சிருந்தேன்" என்றேன்.

"எப்ப நெனச்சீய, கடுதாசி வந்த பொறவா?" என்றாள் மனைவி. "அந்த அம்மாகிட்ட பேசப் பயந்துக்கிட்டு சாமிய எதுக்கு இழுக்கீய? நானே பேசிக்கிடுதேன். கூட வந்து நின்னா போதும்."

போய் நின்றேன். இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. இருவரும் அரைமணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். மகளைச் சேர்த்துக்கொண்டார்கள்.