கையை எடுத்தால் கையெழுத்து இல்லை

முதியோர் இல்லத்தில் எனக்கு மாலை வேலைதான் வழக்கம். ஒருநாள் மேலாளர் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து காலை ஆறு மணிக்கு வர முடிந்தால் இருங்கள், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று சிரித்த முகத்தோடு சொன்னார். எர்லாங்கனுக்கு வெளியே இருக்கும் எங்கள் ஊரில் முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான். வீட்டிலுள்ள ஒரே காரை இரவு வேலைக்குப் போகும் கணவர் கொண்டுபோய்விடுவார். அந்த வேலையை விட எனக்கு மனமே இல்லை. அங்கேயுள்ள கிழவிகளோடு சீட்டு விளையாடி, அவர்கள் செய்யும் கள்ளத்தைக் கண்டுபிடிப்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

ஒரே வழி ஸ்கூட்டர். கார் லைசென்ஸ் நெடுங்காலம் வைத்திருப்பவர்கள் சின்ன மோட்டார் சைக்கிள் ஓடுவதென்றால் இங்கே ஜெர்மனியில் கட்டாயப் பயிற்சி ஒன்று எடுக்க வேண்டும். பரீட்சை கிடையாது என்றதும் துள்ளிக் குதித்தேன். ஆனால் இவரை நம்பி வீதியில் விடலாம் என்று பயிற்றுநர் கையெழுத்து வைத்தால்தான் எல்லாம்.

பயிற்றுநர் ஹம்பேர்க்கிலிருந்து வந்த பெண். என் மகளின் வயது. கோவில் குளம் என்று எதுவும் அறியாதவர். பயிற்சித் திடலில் வைத்திருந்த கூம்புகளை நான் வளைந்து வளைந்து சுற்றியபோது தலையாட்டி மெச்சினார். எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது. பிறகு வீதிக்கு இறங்கினோம். நான் முன்னே ஸ்கூட்டரில், அவர் பின்னே காரில். அவர் பேசுவது என் ஹெல்மெட்டுக்குள் கேட்கும். நான் பேசுவது அவருக்குக் கேட்காது. அது அவருடைய அதிர்ஷ்டம்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் திருப்பத்துக்குத் திருப்பம் சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபம் ஒன்று நிற்கும். நானோ மன்னார்க் கத்தோலிக்கப் பிள்ளை. சிலுவையைக் கண்டால் என் கை என்னிடம் கேட்காமலே சிலுவை அடையாளம் போட நெற்றிக்குப் போய்விடும். ஊரில் எப்போதும் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து போனவளுக்குக் கை சும்மாதானே இருந்தது. இப்போது அதே வலக் கையில்தான் பெற்றோல் கொடுக்கும் முறுக்குப்பிடியும் இருக்கிறது, முன் பிரேக்கும் இருக்கிறது. கை மேலே போனதும் ஸ்கூட்டர் மூச்சு விட்டு, நொண்டி, தள்ளாடியது.

"இரண்டு கையும் ஹாண்டிலில்" என்றது காதுக்குள் குரல். அடுத்த திருப்பத்திலும் அதேதான். மூன்றாவதில் ஓரமாக நிறுத்தச் சொல்லி, காரிலிருந்து இறங்கி வந்தார்.

"யாருக்குக் கை காட்டுகிறீர்கள்?"

"இயேசுவுக்கு."

அவர் திரும்பிச் சிலுவையைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். "அவர் வீதியில் ஓடுகிறவர் இல்லை. அவருக்குச் சைகை தேவையில்லை" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பின்னாலேயே சிரிப்பும் வந்தது. அவர் சிரிக்கவில்லை. கடைசி ஓட்டத்தில் ஒருதரம் கையை எடுத்தாலும் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"நீர் உப்பிடிச் சிலுவை போட்டுப் போட்டு நேரா அவரிட்டையே போய்ச் சேர்ந்திடுவீர்."

"இஞ்சாருங்கோ, பகிடிக்கு இது நேரமில்லை. எனக்கு வேலை போகப்போகுது."

மனிதர் சட்டென்று எழுந்தார். என்னைக் குசினிக் கதிரையில் இருத்தி, வீடு கூட்டும் தும்புத்தடியை ஹாண்டிலாகப் பிடிக்கச் சொன்னார். சுவரிலிருந்த சுரூபத்தைக் கழற்றிக்கொண்டு என் முன்னால் இங்கும் அங்கும் நடந்தார். என் கை எழும்பும் ஒவ்வொரு தடவையும் "கையெழுத்துப் போச்சு" என்று அறிவித்தார். சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு நொந்துபோனது. ஆனாலும் அன்றிரவு எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

கடைசி ஓட்டம். முதல் சிலுவை வந்தது. ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, கோவிக்காதையும், வேலைப் பிரச்சினை" என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சொன்னேன். இரண்டாவதையும் அப்படியே கடந்தேன். மூன்றாவது சிலுவை ஒரு பெரிய மரத்தின் கீழ் நின்றது. வலக் கை துடித்தது. விடவில்லை. அந்த நேரம் பார்த்து, சிலுவைக்கு அப்பால் வயல் பாதையிலிருந்து ஒரு டிராக்டர் வீதிக்குக் குறுக்கே வந்தது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். ஸ்கூட்டர் நேராக நின்றது. டிராக்டர்க்காரர் எங்களைக் கவனிக்காமலே போய்விட்டார்.

கை நெற்றியில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றியபடி நின்றேன்.

"நன்றாக நிறுத்தினீர்கள்" என்றது காதுக்குள் குரல். "கையெழுத்து வைக்கிறேன்."

என் இரண்டு கையும் இன்னும் ஹாண்டிலிலேயே இருந்தன.

"வண்டி நிற்கிறது. இப்போது கையை எடுக்கலாம்."

எடுத்தேன். அவசரமில்லாமல், நெற்றியிலிருந்து தோள்வரை முழுதாகப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது, அவருடைய இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடியே இருந்தன.

"எனக்கும் ஒன்று போடுங்கள்" என்றார்.

போட்டேன்.