ஊசிக்காரரும் சாமியம்மாளின் வலது கையும்

மிஸ்திரி இசக்கிமுத்து தன் ஆள் நோட்டில் சாமியம்மாளைப் பற்றி எழுதி வைத்திருந்தது ஒரே வரிதான்: 'தானாக வேலையிலிருந்து நின்றுவிட்டாள்.' அவளுக்குப் படிக்கத் தெரியாது. யூனியன்காரன் சடையப்பன் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது, கொதித்துக்கொண்டிருந்த உலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

"தானா நின்னனா? நானா? அவன் வாயில மண்ணப் போட!"

நடந்தது அந்தக் குடிசை வரிசை முழுவதற்கும் தெரியும். 1966 தை மாதம். நிலக்கரிச் சுரங்கத்தின் மேல்மண்ணைச் சுமந்து ஓடும் பெல்ட்டுக்கு அடியில் களிமண் சிந்திக்கொண்டே இருக்கும். அதை மண்வெட்டியால் வாரி மறுபடியும் பெல்ட் மேலேயே வீச வேண்டும். காண்ட்ராக்ட் வேலை. ஆறு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். பெல்ட்டை நிறுத்தினால் மேலே இருந்து கேள்வி வரும் என்று மிஸ்திரி நிறுத்தவே விடமாட்டான். அன்று சாமியம்மாளின் மண்வெட்டி உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் சிக்கியது. பிடியை விடுவதற்குள் பெல்ட் அவள் வலது கையை வெடுக்கென்று இழுத்து, ஆளையே இரும்புத் தூணில் மோத வைத்தது.

எலும்பு முறியவில்லை. காண்ட்ராக்டர் ஆபீஸ் கம்பவுண்டர் மஞ்சளாக எதையோ தடவி, ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றான். இரண்டு மாதத்தில் தோள் பூட்டுப் போட்டது போல இறுகியது. கை மார்புக்கு மேலே எழவில்லை.

"கையத் தூக்க மாட்டாதவளுக்கு இங்க என்னளா வேலை? சொகமாயிட்டு வா, பாப்போம்" என்று அனுப்பிவைத்தவன் இதே இசக்கிமுத்துதான். அவன்தான் இப்போது 'தானாக' என்று எழுதியிருக்கிறான்.

சாமியம்மாளின் கோபத்துக்கு வயது அதிகம். கம்மாபுரம் பக்கத்தில் அவளும் அவள் தாயும் நடவு நட்ட வயல்களைச் சுரங்கத்துக்கு எடுத்தபோது, நிலம் வைத்திருந்தவர்கள் பெயருக்கு நஷ்டஈட்டுக் காகிதம் வந்தது. அதே நிலத்தில் இடுப்பொடிய நின்றவர்களுக்கு எந்தக் காகிதமும் வரவில்லை. அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள்: காகிதத்தில் இல்லாத ஆளுக்கு வலியும் கிடையாது, வாயும் கிடையாது. அதனால்தான் இந்த ஒரு வரி அவளை அப்படிச் சுட்டது. இந்தத் தடவை காகிதத்தில் அவள் பெயர் இருந்தது. பொய்யாக இருந்தது.

கை விழுந்துபோன அந்த எட்டு மாதமும் வீட்டில் அவளோடு இருப்பது லேசாக இல்லை. தலையை அவளால் வாரிக்கொள்ள முடியாது. புருஷன் வைத்திலிங்கம் காடாம்புலியூர் முந்திரி லாரிகளில் மூட்டை ஏற்றுகிறவன். காலையில் போவதற்கு முன்பு அவள் முடியைக் கொண்டை போட்டுவிடுவான். மூட்டையின் வாயைக் கட்டுவது போலத்தான் கட்டுவான். குழாயடியில் பெண்கள் சிரிப்பார்கள். அவர்கள் மேல் வந்த கோபம், தண்ணீர்க் குடத்தை இடது கையால் ணங்கென்று வைப்பதில் தெரியும்.

அவன்தான் ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மந்தாரக்குப்பத்துல பர்மாக்காரரு ஒருத்தரு வந்துக்கிறாரு. சிங்காரவேல்னு பேரு. காண்டீன்ல வேல. சாயங்காலத்துல ஊசி குத்தி வைத்தியம் பண்றாராம். மருந்தே இல்லாத ஊசி."

"மருந்து இல்லாத ஊசிய எதுக்குக் குத்தணும்? என்னக் குத்தறதுக்கு ஆளா இல்ல?"

ஆனாலும் போனாள். வேறு வழியில்லை என்பதும் அவளுக்குக் கோபமாகத்தான் இருந்தது.

சிங்காரவேல் டீக்கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். ஐம்பது வயது, ஒல்லி. ரங்கூனில் ஒரு சீன வைத்தியரிடம் பதினோரு வருஷம் எடுபிடியாக இருந்து பார்த்துப் பார்த்துக் கற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன்பு, பர்மாவை விட்டு வெளியேறிய எல்லோரோடும் கப்பலேறி வந்தவர். சீனாவோடு சண்டை நடந்து அதிக நாள் ஆகவில்லை, அதனால் டீக்கடையில் சிலர் அவரைச் சீனாக்காரன் என்றே சொன்னார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"சாப்பிட்டீங்களாம்மா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"நான் சோத்துக்கா வந்தேன்?"

"வெறும் வயித்துல குத்தினா மயக்கம் வரும். அதுக்காகக் கேட்டேன்." டீக்கடையிலிருந்து ஒரு பன்னும் டீயும் வாங்கி வைத்தார். அவள் பிச்சை வாங்குவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு தின்றாள். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு கையிலும் நாடி பார்த்தார். வலிப்பு உண்டா, ரத்தம் சீக்கிரம் உறையுமா என்றெல்லாம் கேட்டார். கர்ப்பமாக இருக்கிறாளா என்று கேட்டதும் சாமியம்மாள் எழுந்தேவிட்டாள்.

"நாப்பத்திரண்டு வயசு ஆவுது எனக்கு! தோள் நோவுதுன்னு வந்தா என்னாய்யா கேள்வி கேக்கற?"

"இருந்தா சில எடத்துல குத்தக்கூடாதும்மா. கேக்காம குத்தறவன்கிட்டதான் நீங்க கோவப்படணும்."

கூட வந்திருந்த வைத்திலிங்கம் அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தான்.

கொதிக்க வைத்த ஊசிகளை எடுத்துத் துணியில் பரப்பினார். தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன்.

"நோவாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். அப்புறம் உள்ள மதமதன்னு கனக்கும். அது வரணும். சுரீர்னு எரிஞ்சா உடனே சொல்லுங்க, எடுத்துடுவேன். இன்னிக்கு ராத்திரி நோவு கொஞ்சம் கூடினாலும் கூடும். வாரத்துக்கு ரெண்டு தரம் வாங்க. ஆறு தரத்துல ஒண்ணும் தெரியலைன்னா அதுக்கு மேல என்கிட்ட வராதீங்க, என்னால ஆகாதுன்னு அர்த்தம்."

அவளிடம் இதுவரை யாரும் 'என்னால் ஆகாது' என்று முன்கூட்டியே சொன்னதில்லை. சந்தேகத்தோடு பார்த்தாள். அவர் குனிந்து, அவள் வலது காலில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே விரலால் அளந்து, அங்கே ஊசியை இறக்கினார்.

"யோவ்! தோளு இங்க இருக்குது! கால்ல குத்தறியே, கண்ணு தெரியலியா?"

"கையத் தூக்குங்க."

"தூக்க முடிஞ்சா நான் ஏன்..."

"முடிஞ்ச வரைக்கும். மெள்ள."

கையைத் தூக்கினாள். கால் கனத்தது, ஈரச் சாக்கு கட்டியது போல. கை மார்பைத் தாண்டி நான்கு விரற்கடை ஏறி நின்றது.

"கால்ல குத்தினா தோள் ஏன் அசையுது?" என்று கேட்டாள். குரல் இறங்கவில்லை.

"உடம்புக்குள்ள வாய்க்கா மாதிரி ஓட்டம் ஓடுது, அடைச்ச எடத்தத் தொறக்கறோம்னு எங்க ரங்கூன் டாக்டர் சொல்லுவாரு. நெசமா, எனக்குத் தெரியாது. வாய்க்காலை நான் பார்த்ததில்ல. கை ஏறினதப் பார்த்திருக்கேன். ஏறாததையும் பார்த்திருக்கேன்."

அன்று இரவு தோள் விண்விண்ணென்று தெறித்தது. அவரைத் திட்டிக்கொண்டே படுத்திருந்தாள். ஆனால் அவர் சொன்னபடியேதான் நடக்கிறது என்பதும் மனதில் பட்டது. மூன்றாம் தரம் கை தோள் மட்டத்துக்கு வந்தது. ஐந்தாம் தரம் காதைத் தொட்டது. முதுகுப் பக்கம் மட்டும் போகவே இல்லை.

இந்த நேரத்தில்தான் அந்த ஒரு வரியை எதிர்த்துச் சடையப்பன் எழுதிப் போட்ட மனுவுக்கு விசாரணை வந்தது. அவன் ஓடி வந்தான்.

"அக்கா, வெள்ளிக்கிழம காண்ட்ராக்டர் ஆபீஸ்ல என்கொயரி. அதிகாரி ஒருத்தரு வர்றாரு. ஒண்ணே ஒண்ணு. கை ஏறுதுன்னு காட்டிடாத. மார்போட நிறுத்திக்க. ஏறினா, அவளுக்கு ஒண்ணுமே ஆவலன்னு கேஸ முடிச்சிடுவானுங்க."

அவன் சொன்னது நியாயம்தான் என்று அவளுக்கும் தெரிந்தது. வலி இருந்தபோது யாரும் நம்பவில்லை. குணமானால் அந்த வலியே இல்லை என்பார்கள். குணமாவதற்கும் பயப்பட வேண்டிய பிழைப்பா இது? ஆறாம் தரம் ஊசி குத்தப் போனபோது சிங்காரவேலிடம் இதைக் கொட்டினாள்.

"மறைக்கணும்னா மறைச்சுக்கோங்கம்மா. உங்க கை. நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றார் அவர்.

"நான் நெனைப்பேன்யா. அவன் பொய் எழுதினான்னுதானே இம்மாங் கத்தறேன்."

வெள்ளிக்கிழமை காண்ட்ராக்டர் ஆபீஸில் அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இசக்கிமுத்து. சடையப்பன் கதவருகே.

"கையத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க சார்" என்றான் இசக்கிமுத்து. "மந்தாரக்குப்பத்துல எல்லாரும் பாத்திருக்காவ."

சடையப்பன் கண்ணைக் காட்டினான். சாமியம்மாள் கையைத் தூக்கினாள். காதுவரை, நடுங்க நடுங்க.

"ஏறுதே" என்றார் அதிகாரி.

"ஏறுதுங்க. எட்டு மாசம் ஏறல. பெல்ட்ட நிறுத்தாம உள்ள எறக்கி வுட்டது இவரு. பெல்ட்டு இழுத்துது. போன்னு சொன்னதும் இவரு. எங்கேர்ந்தோ வந்த ஒரு மனுஷன் காண்டீன் ஷிப்டு முடிச்சிட்டு வந்து ஊசி குத்தி இதத் தூக்க வெச்சாரு. அவரு தூக்க வெச்ச கையக் காட்டி இவரு தப்பிச்சிக்குவாரா? ஏறின கையப் பார்த்தீங்க. பின்னால போவாத கையயும் பாருங்க." முதுகைத் திருப்பிக் காட்டினாள். கை இடுப்போடு நின்றது. "எனக்கு வேற ஒண்ணும் வாணாம். தானா நின்னுட்டேன்னு எழுதினத அடிச்சிட்டு நடந்தத எழுதுங்க."

பார்த்தவர்கள் யாராவது உண்டா என்று அதிகாரி கேட்டார். கூட நின்ற ஐந்து பெண்களும் இசக்கிமுத்துவின் நோட்டில் இருப்பவர்கள். ஒருத்தியும் வந்திருக்கவில்லை. அவர் பேனாவை மூடினார். திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரலாம். எட்டு மாதத்துக்கு முந்தைய விபத்தைச் சாட்சி இல்லாமல் எழுத முடியாது. அவ்வளவுதான்.

"நான் அப்பவே சொன்னனேக்கா" என்றான் சடையப்பன் வெளியே வந்து. அவள் அவனையும் விடவில்லை. வழி முழுக்கத் திட்டினாள். யாரைத் திட்டுகிறாள் என்பது பாதி வழியில் அவளுக்கே தெரியாமல் போயிற்று.

மறுநாள் சிங்காரவேல் தோளைப் பிடித்துப் பார்த்து, "இதுக்கு மேல என் ஊசிக்கு வேலை இல்லம்மா. மீதி, தெனம் செவத்துல விரல ஏத்தி ஏத்தி நீங்களே செய்யணும். முழுசா வராமலும் போகலாம்" என்றார். அவரிடம் மட்டும் அவள் குரலை உயர்த்தவில்லை.

திங்கட்கிழமை பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து பேரும் மண்வெட்டியோடு நின்றார்கள். அவள் முகத்தை நேரே பார்க்க அவர்களால் முடியவில்லை. இசக்கிமுத்து உள்ளே இறங்கச் சொன்னான். சாமியம்மாள் மண்வெட்டியைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"பெல்ட்ட நிறுத்து. அப்பறமா எறங்கறேன்."

"வந்த அன்னைக்கே ஆரம்பிச்சிட்டியாளா? நிறுத்த முடியாது."

"அப்ப எழுதிக்க. தானா ஒக்காந்துட்டான்னு எழுதிக்க."

அவன் மற்றவர்களைப் பார்த்துக் கத்தினான். ராஜாம்பாள் என்கிறவள், வரிசையில் கடைசியில் நின்றவள், மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து சாமியம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. 'வெள்ளிக்கிழம எங்கடி போனீங்க?' என்று கேட்கச் சாமியம்மாளுக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை, அதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஆறு பேரும் உட்கார்ந்த பிறகு, மண் உருளையைத் தொடுமளவுக்குக் குவிந்துவிட்டது. இசக்கிமுத்து போன் இருக்கும் கொட்டகையை நோக்கி வேகமாக நடந்தான்.

கொஞ்ச நேரத்தில் பெல்ட் முனகிக்கொண்டே நின்றது. சாமியம்மாள் இடது கையை ஊன்றி எழுந்தாள்.