தொண்டைக்கு ஓய்வு

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்பவருக்கு மைக் அண்ணன் என்று பேர். வாயா அது! வண்டி தாமதமானால், "வண்டி ரெடிதான், டிரைவர்தான் இன்னும் டீக்கடையைத் தாண்டல" என்று மைக்கில் போட்டுடைப்பார். திட்ட வந்த பயணிகள் சிரித்துவிட்டுப் போவார்கள். வீட்டிலும் அதே கதைதான். "காது கிழியுது, மைக்கை ஆஃப் பண்ணுங்க" என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வாள். ஆனால் அவர் வேலைக்குப் போய்விட்டால் வீடு வெறிச்சென்று கிடப்பதும் அவளுக்குப் பிடிக்காது.

குரல் கம்மியபோது அவர் சட்டை செய்யவில்லை. அந்தத் தொழிலில் அது சகஜம். சில நாள் வாயைத் திறக்காமல் வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும். இந்த முறை ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவு சொல்லும் நாளில் மனைவியின் தம்பி முந்திக்கொண்டு, "மாமா, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று அவரை வெளியே அனுப்பினான். மருத்துவர் மனைவி, தம்பி இருவரிடமும் சொன்னார்: தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் பேச்சு போய்விடும். கதிர்வீச்சு கொடுத்தால் பேச்சு மிஞ்சலாம், உயிருக்குத்தான் அவ்வளவு உத்தரவாதம் இல்லை.

"முடிவை அவர்தான் எடுக்கணும்" என்றார் மருத்துவர்.

"ஐயோ, தெரிஞ்சா மனுஷன் இடிஞ்சு போயிடுவார்!" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நாங்களே பக்குவமா சொல்லிடறோம் டாக்டர்" என்றான் தம்பி.

சொன்னார்களா? எங்கே சொன்னார்கள்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கிளம்பினார்கள். அவரிடம், "சின்னக் கட்டிதான், எடுத்தா சரியாயிடும்." மருத்துவரிடம், "சொல்லிட்டோம், ஆபரேஷனுக்கே சரின்னுட்டார்." நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் மனிதர்கள் செய்யும் அநியாயத்துக்கு அளவே இல்லை.

"குரல் பழையபடி வருமா?" என்று அவர் கரகரத்தார்.

"வரும், வரும். இப்போ பேசாதீங்க. தொண்டைக்கு ஓய்வு குடுங்க" என்றாள். அடுத்த கேள்விக்கும் பொய் சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம் அவளுக்கு.

தொழில்காரர் ஆயிற்றே, அப்படியே நம்பிவிட்டார். அன்றிலிருந்து எல்லாம் சைகைதான். வெளியூரிலிருந்து மகள் கூப்பிட்டபோதுகூட, அப்புறம் பேசுகிறேன் என்று கையைக் காட்டி, போனை மனைவியிடம் நீட்டினார். மகள் அந்தக் குரலைக் கேட்க இனி வாய்ப்பே இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வாங்கி, "அப்பா நல்லா இருக்கார்மா" என்று பேசினாள்.

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்தபோது கழுத்தில் ஓட்டை, அதில் குழாய். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தார். அவர் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"உங்க உயிருக்காகத்தாங்க செஞ்சோம். என்மேல கோபமா?"

நர்ஸ் கொடுத்த சிலேட்டில் அவர் மெல்ல எழுதினார்: 'கேட்டிருந்தாலும் நான் ஆபரேஷன்தான் சொல்லியிருப்பேன்.'

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பார்த்தீங்களா, நான் சொல்லல?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் அதை அழித்துவிட்டு இன்னொரு வரி எழுதி அவள் பக்கம் திருப்பினார்.

'ஆனா இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்.'