எட்டு நொடித் தீ

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையை விட்டு உள்ளே போகும் ஒரு சந்தில் காளீஸ்வரி கடலை மிட்டாய் போடுகிறாள். வயது நாற்பத்தாறு. வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவாள். பிறந்தது பசுவந்தனையில், வானம் பார்த்த கரிசல் பூமியில். பதினெட்டு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்கு வந்தவள், பதினோரு வருஷம் குச்சி அடுக்கினாள். பிறகு வீட்டில் ஒற்றை அடுப்பு வைத்து ஆரம்பித்த தொழில் இன்றைக்கு ஏழு பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. ஆகவே யாராவது எதையாவது அவளுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தால் அவளுக்கு மூக்கின் மேல் கோபம் வரும். பாதி நேரம் அவள் சொன்னதே சரியாகவும் இருந்துவிடும். கூட இருப்பவர்களுக்கு அதுதான் பெரிய தொல்லை.

அப்பேர்ப்பட்டவளை ஒரு குன்றிமணி அளவு சிவப்பு லைட் பன்னிரண்டு நாள் ஆட்டி வைத்தது.

விஜயதசமி அன்று காலை. முந்தின நாள் ஆயுத பூஜை அமோகமாக நடந்திருந்தது. கடலை வறுக்கிற மிஷினில் மூன்று மூட்டை தட்ட வேண்டும். தீபாவளிக்கு இருபது நாள்கூட இல்லை. அந்த மிஷின் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாங்குக் கடனில் வாங்கியது. மேலே சுற்றுகிற டிரம், கீழே கேஸ் பர்னர். பட்டனை அமுக்கினால் முதலில் காற்று ஊதும், அப்புறம் டிக் டிக் என்று பொறி தட்டும், புஸ்ஸென்று நீலத் தீ பிடிக்கும். அன்றைக்கும் பிடித்தது. எட்டு எண்ணுவதற்குள் அணைந்து, சிவப்பு லைட் எரிந்தது. லைட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ரீசெட்டை அமுக்கினால் மறுபடி காற்று, மறுபடி பொறி, மறுபடி எட்டு நொடி.

“அமுக்குட்டீ. அமுக்கிக்கிட்டே இரி, பிடிச்சிரும்” என்றாள் காளீஸ்வரி.

அமுக்கியவள் மாரிசெல்வி. இவளும் பசுவந்தனைக்காரிதான், காளீஸ்வரியைவிட இரண்டு வயது இளையவள். தீப்பெட்டி ஆபீசில் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து குச்சி அடுக்கியவள். ஒற்றை அடுப்புக் காலத்தில் முதல் ஆளாக வந்து சேர்ந்து, இரும்புச் சட்டியில் மணல் போட்டு வருஷக்கணக்கில் கடலை வறுத்தவள். மிஷின் வந்ததும் அதையும் அவள்தான் ஓட்டினாள். அதிகம் பேச மாட்டாள். அக்கா சொன்னபடி அன்று முப்பது தடவையாவது அமுக்கியிருப்பாள்.

முதலில் வந்தவர் தங்கப்பாண்டி. ஊரில் பாதி ஓட்டல் அடுப்புகளுக்கு அவர்தான் வைத்தியர். குனிந்து முகர்ந்து பார்த்தார், குழாயைத் தட்டிப் பார்த்தார். “கேஸ் பத்தலை தாயி. ரெகுலேட்டர் போச்சு” என்று தீர்ப்புச் சொன்னார். ரெகுலேட்டரும் டியூப்பும் மாற்றி, கூலியோடு ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது வாங்கிக்கொண்டார். மிஷினைப் போட்டார்கள். ஒன்பது நொடி எரிந்து அணைந்தது.

“பாத்தியா, ஒரு செகண்டு கூடியிருக்கு” என்றார் தங்கப்பாண்டி.

காளீஸ்வரிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கேஸ் போதவில்லை என்றால் தீயே பிடிக்காதே, பிடித்துவிட்டு ஏன் அணைகிறது? கேட்டால் அவர், “அதுதான் கேஸோட குணம்” என்றார். அதற்கு மேல் என்னத்தைக் கேட்பது?

மூன்று நாள் கழித்து யோகராஜ் வந்தான். சிவகாசிப் பக்கம் பெரிய பெரிய மிஷின்களைப் பார்க்கிற பையன், படித்தவன், பையில் மீட்டர் வைத்திருந்தான். பர்னரைக் கழற்றி ஒவ்வொரு சாமானாக எடுத்துக் காட்டிச் சொன்னான். ஊதுகிற மோட்டார் இது. பொறி தட்டுகிற டிரான்ஸ்ஃபார்மர் இது. கேஸைத் திறந்து மூடுகிற வால்வு இது. எல்லாவற்றையும் மேய்க்கிற கன்ட்ரோலர் பெட்டி இது. காளீஸ்வரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். மோட்டார் மட்டும் புரிந்தது.

“இதுல எது தம்பி போச்சு?”

“பொறி வீக்கா இருக்குக்கா. டிரான்ஸ்ஃபார்மரை மாத்துதேன், ரெண்டாயிரத்து அறுநூறு. அதுல சரியாகலேன்னா வால்வா இருக்கும். அது ஆறாயிரம். வால்வும் இல்லேன்னா கன்ட்ரோலர், அது ஒரு பதினோராயிரம் வரும்.”

“அதுவும் இல்லேன்னா?”

“பர்னரையே மாத்த வேண்டியதுதான்.”

இது என்ன கணக்கு என்று அவளுக்கு மண்டை காய்ந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக இருந்தது. ஒன்று நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இன்னொன்றைக் காசு கொடுத்து மாற்ற வேண்டுமாம். பாகு முறிந்தால் வெல்லம் சரியில்லையா, தீ கூடிவிட்டதா என்று அவள் நாக்கு சொல்லிவிடும். இதை நாக்கில் வைத்தா பார்க்க முடியும்? டிரான்ஸ்ஃபார்மரை மாற்றச் சொன்னாள். பொறி முன்னைவிடப் பளிச்சென்று அடித்தது. தீ எட்டு நொடியில் அணைந்தது.

யோகராஜுக்கும் முகம் கறுத்துவிட்டது. சாமானைப் பையில் போட்டபடி, “யாரோ ரீசெட்டைப் போட்டு அமுக்கி அமுக்கியே உள்ள எதையோ கருக்கியிருக்காவ. இங்கன மிஷினை ஓட்டுதது யாரு?” என்று கேட்டான்.

எல்லாருடைய கண்ணும் மாரிசெல்வி மேல் திரும்பியது. அமுக்கச் சொன்னது யார் என்று காளீஸ்வரிக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஒன்றுமே புரியாமல் நாலு நாள் தவித்தவளுக்கு, புரிகிற மாதிரி ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது சும்மாவா?

“உன் கை பட்டா எதுதான்ட்டீ விளங்கும்? மணலுச் சட்டின்னு நெனச்சியா இதை?”

மாரிசெல்வி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காளீஸ்வரி விடவில்லை. “நீ ஒண்ணும் சொல்லவேண்டாம். மிஷின் சரியாகிற வரைக்கும் இந்தப் பக்கமே வரவேண்டாம்.”

மற்ற ஆறு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாரிசெல்வி தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறி மடித்தாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காலையில் வந்துவிடுவாள் என்றுதான் காளீஸ்வரி நினைத்தாள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் போடலாம் என்று எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். போன் போட்டு என்ன சொல்வது? தப்பு அவள் மேல் என்றால் இவள் ஏன் கூப்பிட வேண்டும்? தப்பு அவள் மேல் இல்லையென்றால் யார் மேல்? இந்த இடத்துக்கு வந்ததும் யோசனை முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

மிட்டாய் நிற்க முடியாதே. பழைய இரும்புச் சட்டியை இறக்கி, விறகு மூட்டி, மணல் போட்டு வறுத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, அந்தக் கை மாரிசெல்விக்கு மட்டும்தான் இருந்தது என்று. பாதிக் கடலை கருகியது, பாதி பச்சை வாடை அடித்தது. மெயின் ரோட்டுக் கடைக்காரர் ஒரு பெட்டியைத் திருப்பி அனுப்பி, “காளீஸ்வரி மிட்டாய்தானா இது?” என்று கேட்டுவிட்டார். லோடு ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் வேல்சாமி, “மிஷினைப் பிறகு பாப்போம், மொதல்ல செல்வியக் கூப்பிடு” என்றார். அவர் வாயிலிருந்து வந்ததாலேயே அவள் கேட்கவில்லை.

கடைசியில் பர்னர் மேல் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டாள். கோயம்புத்தூரில் சர்வீஸ் பார்க்கிற நந்தகோபால் எடுத்தார். தீபாவளி முடிகிற வரை நேரில் வர முடியாது, வந்தால் போகவர நாலாயிரத்து ஐநூறு, பர்னரையே மாற்றினால் நாற்பத்தாறாயிரம் என்று ஒரே மூச்சில் சொன்னார். காளீஸ்வரி சுவரில் சாய்ந்துவிட்டாள். மனுஷர் பிறகு கொஞ்சம் யோசித்து, “அதுக்கு முன்னால ஒண்ணு செய்யுங்க மேடம். சைடுல கட்டைவிரல் மாதிரிக் கறுப்பா ஒண்ணு சொருகியிருக்குமுங்க. அதை வெளிய இழுத்து, முனையைப் போட்டோ எடுத்து அனுப்புங்க” என்றார்.

அனுப்பினாள். உடனே போன் வந்தது.

“முனையில மஞ்சளாக் காஞ்சு கெடக்குதே, என்னங்க மேடம் அது?”

“சந்தனம்.”

“நடுவுல செவப்பா?”

“குங்குமம்.”

நந்தகோபால் மெதுவாகக் கேட்டார். “யாருங்க வெச்சது?”

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், எல்லாச் சாமானையும் கழற்றித் துடைக்கச் சொன்னவள் காளீஸ்வரி. தராசு, அரிவாள், தட்டு, தண்ணி மோட்டார் என்று ஒன்று விடாமல் தன் கையாலேயே பொட்டு வைத்தவளும் அவளே. பொட்டு வைக்கிற வேலையை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டாள். இந்தக் கட்டைவிரல் சாமானின் கண்ணாடி முனை, பொட்டு வைப்பதற்கென்றே செய்த நெற்றி மாதிரி வழவழப்பாக இருந்தது. அதனால் சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே அப்பியிருந்தாள்.

“தீ எரியுதான்னு பார்க்கிறதே அதுதானுங்க மேடம். தீ தெரியலேன்னா, கேஸ் சும்மா வெளிய போகுது, சேர்ந்தா வெடிச்சிரும்னு நெனச்சு அதுவே அடைச்சிரும். எட்டு நொடி பார்க்கும், அவ்வளவுதான். மிஷின்ல ஒரு கோளாறும் இல்லீங்க. அது வேலையை அது ஒழுங்காச் செஞ்சிருக்குது.”

ஈரத் துணியால் துடைத்துச் சொருகினாள். பட்டனை அமுக்கினாள். பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள், நூறு எண்ணினாள். தீ நின்று எரிந்தது. ஆறு பெண்களும் கை தட்டினார்கள்.

முதல் காரியமாக யோகராஜைப் போனில் பிடித்தாள். “தம்பி, அந்தக் கட்டைவெரலு மாதிரி சாமானை நீங்க அன்னைக்குக் கழத்திப் பாத்தீங்களா, இல்லையா?”

“பாத்தேன்க்கா. பொட்டு வச்சிருந்துச்சு. சாமிக்கு வச்ச பொட்டை நாம எப்படிக்கா அழிக்க? தொட்டுக் கும்பிட்டுட்டு அப்படியே சொருகிட்டேன்.”

அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவனிடத்தில் அவள் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள். நல்லது என்று செய்தது நாலாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்க்கு வேட்டு வைத்துவிட்டது. அது போகட்டும், சம்பாதித்துக்கொள்ளலாம். ஆறு பேர் பார்க்க ஒருத்தியை விரட்டியதை எந்தக் கடையில் போய் மாற்றுவது?

மதியமே பசுவந்தனை பஸ் ஏறினாள். பஸ்ஸில் முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தாள். மாரிசெல்வி வீட்டில் இல்லை. உளுந்துக் காட்டுக்குக் களை எடுக்கக் கூலிக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பில் ஒரு கிலோ மண் ஏறிக்கொண்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துக் காட்டுக்குள் போனாள். கோவில்பட்டியில் முதலாளியம்மா என்று பேர். இங்கே பார்த்தவர்கள் யாரோ வாழ்க்கைப்பட்டு வந்தவள் சண்டை போட்டுக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மாரிசெல்வி நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த களையை வரப்பில் போட்டுவிட்டு, ஓரமாக நடந்து வந்தாள்.

“மிஷின் ஓடுதாக்கா?”

“ஓடுது.”

“என்ன கோளாறாம்?”

ஒத்திகை பார்த்தது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. “நான் வச்ச பொட்டுட்டீ” என்றாள் காளீஸ்வரி. பிறகு கோயம்புத்தூர்க்காரர், கண்ணாடி முனை, சந்தனம், எட்டு நொடி என்று முன்னும் பின்னுமாக உளறிக் கொட்டினாள். தனக்கே இன்னும் சரியாகப் புரியாததை அடுத்தவளுக்கு எப்படி விளக்குவது?

மாரிசெல்வி முழுவதும் கேட்டாள். சிரிக்கவில்லை.

“அன்னைக்கு அதைத்தான்க்கா சொல்ல வந்தேன். பூஜைக்கு மொத நாளு மத்தியானம் வரைக்கும் நல்லா ஓடுச்சு. நடுவுல நடந்தது தொடைச்சதும் பொட்டு வச்சதுந்தான். அந்தப் பொட்டு வச்ச சாமானை ஒருவாட்டி கழத்திப் பாப்பமான்னு கேக்க வந்தேன்.” கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். “மூணு மெக்கானிக்கைக் கேட்டீங்க. ரெண்டு வருசமா ஓட்டுத என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

காளீஸ்வரிக்குக் கண் கலங்கியது. வெட்கமாக இருந்தது. “தப்புத்தான் செல்வி. நாளைக்கு வாரியா?”

“வாரேன். எனக்கும் பிழைப்பு வேணும்லா. ஆனா அன்னைக்கு ஆறு பேரு முன்னால சொன்னீங்க. இன்னைக்குக் காட்டுல, ஆளில்லாத இடத்துல வந்து சொல்லுதீங்க.”

மறுநாள் காலை மாரிசெல்வி வந்தாள். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மிஷின் பக்கத்தில் போய் நின்றாள். காளீஸ்வரி ஆறு பேரையும் கூப்பிட்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, மிஷின் ஏன் நின்றது, பொட்டு யார் வைத்தது, ரீசெட்டை அமுக்கச் சொன்னது யார் என்று எல்லாவற்றையும் சொன்னாள். ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். காளீஸ்வரியும் சிரித்து ஒப்பேற்றப் பார்த்தாள்.

“சரி, சரி. பேசுனா வேலை ஆகுமா? செல்வி, மிஷினைப் போடு.”

மாரிசெல்வி பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அமுக்கவில்லை.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குல்லாக்கா” என்றாள்.

கூடத்தில் சிரிப்பு நின்றது. காளீஸ்வரி தரையைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள், கடைசியில் மாரிசெல்வியின் முகத்தைப் பார்த்தாள்.

“செல்வி மேல ஒரு தப்பும் கெடையாது. நான் அவளை அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

மாரிசெல்வி பட்டனை அமுக்கினாள்.