பொங்கலுக்குப் பின் ஜனவரி இரண்டு

எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும், ஆதார் கார்டில் பெயர் தப்பாக வந்தாலும், மிக்ஸி புகைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எதையும் நான் சரிசெய்ததாக வரலாறு இல்லை. இருந்தாலும் கூப்பிடுவதை அவர்களும் நிறுத்தவில்லை, போவதை நானும் நிறுத்தவில்லை.

பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு விருதுநகர் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் நான். ரஸ்ட் என்கிற மொழியில் ப்ரோகிராம் எழுதுவது தொழில். அந்த மொழியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. வேறு மொழியில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் அவர்களுக்குப் பாவமாக இருக்கும். ஏனென்றால் ரஸ்டின் கம்பைலர், அதாவது நாம் எழுதியதை ஓட்டுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கிற பகுதி, லேசில் எதையும் விடாது. இந்தப் பொருள் யாருடையது, யார் இரவல் வாங்கினார்கள், திருப்பிக் கொடுத்தாச்சா என்று மாமியார் மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். அதனிடம் தேறி வந்த ப்ரோகிராமில் தப்பே இருக்காது என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

அக்காவைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மச்சானுக்குச் சின்னதாக ஒரு காலண்டர் பிரஸ். அக்கா பி.காம்., டைப்பிங்கில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் பாஸ். கல்யாணமான நாளில் இருந்து பிரஸ்ஸில் வந்து உட்காருகிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டார், "பாப்போம்" என்பார். அந்தப் பாப்போமில் அக்காவுக்குப் பத்து வருஷம் போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டி அண்ணாச்சி ஒருவர் மச்சானிடம் ஒரு விஷயம் கேட்டார். வருஷா வருஷம் விவசாயிகளுக்குத் தினசரிக் காலண்டர் கொடுக்கிறவர் அவர். தினமும் கிழிக்கிற தாளில் நல்ல நேரம், ராகு காலத்தோடு அன்றைக்கு மண்டி உண்டா, லீவா என்பதையும் அடித்துக் கொடுக்க முடியுமா என்றார். கேட்ட பிரஸ்ஸில் எல்லாம் ஊருக்கே ஒரு தாள்தான், தனியாக அடிக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்களாம். மச்சானும் விரிக்கப்போன நேரத்தில் அக்கா குறுக்கே வந்தாள்.

"நான் விவரத்தை அடிச்சுத் தாரேன். தம்பி ப்ரோகிராம் எழுதுவான். வருசம் பூராத்துக்கும் சாம்பிள் கட்டி அண்ணாச்சிக்குக் காட்டுவோம். அவுக ஆர்டர் குடுத்துட்டா நான் தெனமும் பிரஸ்ஸுக்கு வருவேன். சம்மதமா?"

"சரியா வந்தா பாப்போம்" என்றார் மச்சான். இந்த முறை கொஞ்சம் இறங்கிவந்த பாப்போம்.

அக்காவுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், உண்மையைச் சொன்னால், என் மனசில் முதலில் வந்தது அக்கா இல்லை, ரஸ்ட்தான். எக்ஸெல்லில் அரை நாளில் முடிகிற வேலை. ஆனால் எக்ஸெல்லில் செய்தால் என் மரியாதை என்ன ஆவது? ரஸ்டில் எழுதி, கூடவே விவரத்தைச் சேமித்து அடுக்கித் தருகிற எஸ்கியூலைட் என்கிற டேட்டாபேஸையும் வைப்பதாக அறிவித்தேன்.

"ரஸ்ட்னா துரு இல்ல? நம்ம காலண்டர் தகரத்துல துரு ஏறுதுன்னு பார்ட்டி ஏற்கெனவே திட்டுறாக மாப்ளே" என்றார் மச்சான். நான் காதில் வாங்கவில்லை.

எஸ்கியூலைட்டின் பெருமையை மட்டும் நான் மிகைப்படுத்தவில்லை. தனியாக ஒரு சர்வர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். அது ப்ரோகிராமுக்குள்ளேயே குடியிருக்கும். வருஷத்து விவரம் முழுக்க ஒரே ஃபைலில் அடங்கிவிடும். மச்சான் கேட்டது ஒரே கேள்விதான்: கரண்ட் போனால்? பிரஸ் இருக்கும் தெருவில் அது நியாயமான கேள்வி. வாயால் பதில் சொல்லியிருக்கலாம். நான் செய்து காட்டினேன். அன்றைக்கு மட்டும் பிரஸ்ஸுக்கு வந்திருந்த அக்கா, மாதிரிக்கு நான் எழுதிய சின்ன ப்ரோகிராமில் டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

மறுபடி போட்டபோது அதுவரை சேமித்த நாளெல்லாம் பத்திரமாக இருந்தது. பாதி அடித்துக்கொண்டிருந்த நாள் மட்டும் சுத்தமாக இல்லை. "பாத்தீகளா மச்சான், அரைகுறையா எழுதவே எழுதாது. எழுதினா முழுசா எழுதும், இல்லைன்னா தொடாது" என்றேன். மச்சான் அவசரமாக மவுஸைப் பிடித்தார். அதே கம்ப்யூட்டரில் காலையில் இருந்து அவர் செய்துகொண்டிருந்த வள்ளி தெய்வானையோடு கூடிய முருகன் படம் சேவ் பண்ணாமல் திறந்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? பழைய காப்பியைத் திறந்து பார்த்தார். அதில் மயில் மட்டும் நின்றது.

அதற்குப் பிறகு நான் மாடியை விட்டு இறங்காமல் வேலை பார்த்தேன். மாதம் என்கிற விவரத்தைச் சரியாக அமைக்க மட்டுமே நான்கு நாள் செலவழித்தேன். இந்த ப்ரோகிராமில் பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று எந்த வழியிலும் நுழைய முடியாதபடி கோட்டை கட்டினேன். உலகத்தில் எவனும் பதின்மூன்றாம் மாதம் கேட்கப்போவதில்லை என்பது வேறு விஷயம். தேதியை அவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை. தாளில் பெரிதாக அச்சாகப்போகிற உருவம்தானே என்று டேட்டாபேஸில் எழுத்தாகவே போட்டுவைத்தேன். அக்கா முதலில் அடித்து அனுப்பிய ஒன்பது நாளை வைத்துச் சோதித்தேன். ஜனவரி ஒன்றில் இருந்து ஒன்பது வரை தாள்கள் அழகாக வரிசையாக வந்தன. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

அக்கா சாயங்காலங்களில் சமையலை முடித்துவிட்டு, பஞ்சாங்கத்தையும் மண்டி கொடுத்த லீவு விவரத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வருஷத்தின் மீதி நாளையும் அடித்தாள். நடுவில் ஒருநாள் போன் பண்ணி, "ஏலே, தப்பு கிப்பு வந்துறாதுல்ல?" என்றாள்.

"ப்ரோகிராம்ல வராது. வந்தா நீ அடிச்சதுலதான் வரும்" என்றேன். பக்கத்தில் ஸ்பீக்கரில் மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாய்க்கு வசம்பு வைத்துத் தேய்க்க அன்றைக்கு ஆள் இல்லை.

சாம்பிள் என்பதால் மிஷினில் ஓட்டாமல், என் ப்ரோகிராம் தந்த ஃபைலை அப்படியே ஜெராக்ஸ் மாதிரி பிரிண்ட் எடுத்து, வெட்டி, மேலே தகரம் அடித்துக் கட்டினார்கள். மேல் தாளில் ஜனவரி ஒன்று பளிச்சென்று இருந்தது. யாரும் உள்ளே புரட்டவில்லை. புரட்டினால் கட்டு தளர்ந்துவிடும் என்று நான்தான் தடுத்தேன்.

ஆடிப் பதினெட்டு, எல்லாப் பிரஸ்காரர்களும் அடுத்த வருஷத்துச் சாம்பிளோடு கிளம்புகிற நாள். அன்றைக்கு நாங்களும் அண்ணாச்சி மண்டிக்குக் கிளம்பினோம். அக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். நான் போக வேண்டிய அவசியமே இல்லை. பாராட்டு வாங்கப் போனேன்.

மண்டியில் வத்தல் நெடி. பழகியவர்களுக்கு ஒன்றும் இல்லை. நானும் விருதுநகர்க்காரன்தான், ஆனால் மாடியை விட்டு இறங்காதவன் என்பதால் தும்மலாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி அக்காவைப் பார்த்து "வாங்கம்மா, சாப்பிட்டீகளா" என்று கேட்டுவிட்டு, காலண்டரை மடியில் வைத்துப் புரட்ட ஆரம்பித்தார். பத்துத் தாள் போயிருக்கும். நின்றார். மறுபடி முதலில் இருந்து புரட்டினார். பிறகு மச்சானை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க காலண்டர்ல பொங்கல் முடிஞ்சு, காணும் பொங்கலும் முடிஞ்ச பெறகுதான் ஜனவரி ரெண்டாந் தேதி வருது. எனக்குத் தெரியாம ஏதும் மாத்திட்டாகளா?"

மச்சான் வாங்கிப் பார்த்தார். ஒன்று. அடுத்து பத்து. பதினொன்று, பன்னிரண்டு என்று பத்தொன்பது வரை. அப்புறம் இரண்டு. அதற்கு அடுத்து இருபது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக அக்காவைப் பார்த்தார்.

"பாத்து அடிக்கலையா?"

"நான் வரிசையாத்தான் அடிச்சேன்" என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது. பட்டுச்சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

ஆனால் 'அடுத்து பத்து' என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. தேதியை நான் எழுத்தாக அல்லவா போட்டிருந்தேன்? எழுத்தை டேட்டாபேஸ் அகராதி வரிசையில்தான் அடுக்கும். முதல் எழுத்து ஒன்று என்றால் எல்லாமே ஒன்றின் பின்னால்தான் நிற்கும், பத்தும் பத்தொன்பதும் உட்பட. ஒன்பது நாளை வைத்துச் சோதித்தவனுக்கு அது எப்படித் தெரியும்? எல்லாம் ஒற்றை இலக்கம். கம்பைலர் என்ன செய்தது என்றால், அது பாவம். டேட்டாபேஸிடம் பேசுகிற வரியை நாம் மேற்கோள் குறிக்குள் எழுதுகிறோம். குறிக்குள் இருப்பது கம்பைலருக்கு வெறும் எழுத்து, அதற்குள் அது தலையை விடாது. கோட்டைக்கு நான்கு பக்கமும் மதில் கட்டிவிட்டு, வாசலில் கதவு வைக்க மறந்திருந்தேன்.

"மச்சான், அக்கா மேல தப்பில்ல" என்று ஆரம்பித்தேன். தும்மல் வந்தது. துடைத்துக்கொண்டு மேற்கோள் குறி, அகராதி வரிசை, ஒற்றை இலக்கம் என்று விளக்கிக்கொண்டே போனேன். லேப்டாப்பை வத்தல் மூட்டை மேல் வைத்துத் திறந்து காட்டவும் செய்தேன். அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, நான் படிக்காதவன் இல்ல. ஆனாலும் ஒண்ணும் வெளங்கல. யாரு தப்பு?"

"என் தப்பு."

"இதைச் சொல்லத்தானா அம்புட்டு நேரம்?"

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். அக்கா காலண்டரை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினாள். அண்ணாச்சி கொடுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக ஒவ்வொரு தாளாகப் பார்க்க ஆரம்பித்தார். அமாவாசை எடுத்தார், மண்டி லீவு சரி. பங்குனியில் வரும் ஊர்ப் பொங்கல் எடுத்தார், அதுவும் சரி. டீ வந்தது, ஆறியது. யாரும் குடிக்கவில்லை. எனக்குத் தும்மலைத் தவிர வேறு வேலை இல்லை.

கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார். "தாள் ஒண்ணொண்ணும் கரெக்டா இருக்கு. அடுக்குனதுதான் கோணல். ஆர்டர் தாரேன். ஆனா கட்டுறதுக்கு முந்தி பூராத்தையும் இந்தப் பொண்ணு பொரட்டிப் பாத்து சரின்னு சொல்லணும்."

"அவ வீட்டுல இருக்கா அண்ணாச்சி. வேலை நேரத்துல பிரஸ்ஸுக்கு வர்றதுன்னா..." என்று மச்சான் இழுத்தார்.

"அப்ப ஆர்டரை உங்க வீட்டு அட்ரசுக்கே போட்டுருவோமா?"

மச்சான் வாயில் அந்தப் பாப்போம் வந்து நின்றது எனக்கே தெரிந்தது. அதை விழுங்கிவிட்டு, "வருவா அண்ணாச்சி" என்றார். அக்கா அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள். வத்தல் நெடி என்று சொல்லிக்கொண்டாள். பிறந்ததில் இருந்து அந்த நெடியில் வளர்ந்தவள்.

தேதியை எண்ணாக நினைத்து அடுக்கு என்று சொல்ல ஒரே ஒரு சொல்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அவர்களோடு சிவகாசிக்குப் பஸ்ஸில் போகும்போதே சேர்த்துவிட்டேன். "என்னலே மாத்துன?" என்று அக்கா கேட்டாள். ஒரு வார்த்தை என்றேன். "அந்த ஒரு வார்த்தைக்கா நாலு மாசம் மாடியில இருந்த?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது பிரஸ்ஸில் அக்காவுக்கென்று குஷன் வைத்த சுழல் நாற்காலி இருக்கிறது. நான் போனால் பிளாஸ்டிக் ஸ்டூல்தான். அவளுக்குப் பின்னால் சுவரில் அந்தக் கோணல் சாம்பிள் தொங்குகிறது. ஒரு தாளைக்கூடக் கிழிக்கவில்லை. பார்ட்டி யாராவது வந்து இது என்ன பழைய காலண்டர் என்று கேட்டால், "என் தம்பி பெங்களூர் கம்பெனில பெரிய இன்ஜினியர்" என்று பெருமையாக ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்வாள். நான் ஸ்டூலில் இருக்கும்போதும் சொல்வாள். மச்சான் சிரிப்பை அடக்க முருகன் படத்தில் ஏதோ திருத்துவார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு தடவை சேவ் பண்ணுவார்.

போன வாரம் அடுத்த வருஷத்து ஃபைல் தயார் என்று சொல்ல அவளுக்குப் போன் போட்டேன். பிரஸ் மிஷின் சத்தம் கேட்டது. "வேலையா இருக்கேன், சட்டுனு சொல்லு" என்றாள். ஃபைல் தயார் என்றேன்.

"ஒம்போதுக்கு அடுத்து என்னலே?"

"பத்துக்கா."

"சரி, அனுப்பு. நான் பொரட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."