தாளின் இரண்டு பக்கமும்

அண்ணனுக்குக் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றாலும், என் எழுத்து முத்து முத்தாக வரும். கீழப்பழுவூரில் வாத்தியாராக இருந்த அண்ணன், பட்டணத்துப் பத்திரிகையின் போட்டிக்கு நாவல் எழுதியபோது, படியெடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்.

"விதியெல்லாம் பத்திரிகையில போட்டிருக்கு, பாத்து எழுதும்மா."

பார்த்தேன். கடைசித் தேதி நெருங்கிவிட்டதைப் பார்த்ததுமே எழுத உட்கார்ந்துவிட்டேன். அதற்குக் கீழே படிக்கவில்லை. யுத்த காலம், தாளுக்குப் பஞ்சம். லப்பைக்குடிகாட்டு பாய் ஒருவர் கொடுத்திருந்த தாள் பாதிக் கதைக்குத்தான் காணும். பின்பக்கமும் எழுதினேன். விரல் வீங்கியது. அண்ணன் அரியலூர் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தார்.

மறுவாரம் அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பத்திரிகை கண்ணில் பட்டது. 'தாளின் ஒரு பக்கம் மட்டுமே எழுத வேண்டும். மீறியவை ஏற்கப்படா.'

அதற்குப் பிறகு எட்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பினாலே அடுப்படிக்குள் போய்விடுவேன். ஜெபமாலை உருட்டும்போதும் அந்த வரிதான் வாயில் வரும்.

பரிசு பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவருக்குப் போனது. "நம்ம பக்கத்து ஆளுதான்!" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் அச்சாகி வந்த அந்த நாவலை வாங்கி வந்தார். அவர் மூடி வைத்ததும் நான் எடுத்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அது அண்ணன் கதையைவிட நன்றாக இருக்க வேண்டும். இருந்தால், தோற்றது என்னால் இல்லை.

மெதுவாகத்தான் படித்தேன். முதல் இருபது பக்கம் சவசவ என்று இருந்தது. குறை கண்ட பக்கத்தையெல்லாம், நான்தான் தப்பாகப் படித்தேனோ என்று திரும்பப் படித்தேன். பிறகு அந்தக் கிணற்றடி வந்தது. பேச்சு முறிந்த இரண்டு ஓரகத்திகள், வற்றிவரும் கிணற்றில் ஒரே கயிற்றைப் பிடித்துத் தண்ணீர் சேந்துகிறார்கள். கயிறு அறுகிறது. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொள்கிறாள். பேச்சு இல்லை, அவ்வளவுதான். அண்ணனுக்கு இப்படி எழுத வராது என்று தெரிந்தது. அழுதேன். நிம்மதியில்தான் அழுதேன், அதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

அந்தத் தைரியத்தில் அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்மா. பள்ளிக்கூடத்துக்குக் கடுதாசி வந்துச்சு. ஒரு பக்கமா எழுதித் திரும்ப அனுப்பச் சொன்னாங்க. தாளுக்கு எங்க போறது? உன் விரலும் வீங்கிக் கெடந்துச்சு. விட்டுட்டேன்."

"ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தூங்குவியா?"

எட்டு மாதமாக நான் தூங்கவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

"சரி, ரெண்டையும் முழுசாப் படிச்சவ நீ ஒருத்திதான். எது நல்லாருக்கு? நெசத்தைச் சொல்லு."

என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பதிலைத் தேடி வைத்திருந்தேன். இப்போது அது அவரை அடிக்க மட்டுமே உதவும் போலிருந்தது. ஆனாலும் பொய் வரவில்லை.

"பரிசு வாங்கினதுதாண்ணே."

"ஒரு பொய் சொன்னா கொறஞ்சா போயிடுவ?" என்று சிரித்தார். பிறகு, "கிணத்தடிதானே?" என்றார்.

"ஆமாண்ணே."

"எனக்கும் அங்கதான் தெரிஞ்சிச்சு. அதோட மூடி வச்சிட்டேன், மேல படிக்க முடியல." சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "மீதிக் கதையைச் சொல்லு."

சொன்னேன்.