காஸ்பேயில் எழுந்து நின்றவர்

ஞானேந்திரனுக்குக் கடல் தெரியும். இதை அவரே சொல்லுவார். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவார். மன்னார் பேசாலையில் பதினாறு வயதிலிருந்து தகப்பனோடு வள்ளத்தில் போனவர், அது பொய்யில்லை. மொன்றியலுக்கு வந்து பதினைந்து வருடமாகத் துறைமுகத்துக் களஞ்சியமொன்றில் பெட்டி இறக்குகிறார். ஆனாலும் ஞாயிறு பூசை முடிந்து, மண்டபத்தில் கோப்பியோடு நின்றால் பேச்சு கடலுக்குத்தான் போகும். ரொக்ஸ்பரோப் புறநகரிலிருந்து வரும் சாரதிகளும் கடைக்காரர்களும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நிற்பார்கள். களஞ்சியத்தில் அவருடைய பெயரை ஒருவரும் முழுதாகச் சொன்னதில்லை, அங்கே அவர் வெறும் 'ஜோ'. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை மரியாதையை அவர் பொத்திப் பொத்தி வைத்திருந்ததில் வியப்பில்லை.

2006 ஆவணியில் மனைவி கத்தரினோடும், அவளுடைய தம்பி றெக்ஸோடும், றெக்ஸின் மனைவி சர்மிளாவோடும் காஸ்பேக்குப் போனார். பதினொரு மணி நேரக் கார் ஓட்டம். அந்தப் பக்கக் கடலில் கோடையில் மக்கரல் மீன் கூட்டம் கூட்டமாக வரும், நம் ஊர்க் கும்பளாவின் ஒன்றுவிட்ட சகோதரம். கரையில் ஒரு கியூபெக்காரர் கயாக் வாடகைக்கு விட்டார். கயாக் என்றால் ஒருவர் காலை நீட்டி இருந்து துடுப்புப் போடும் ஒடுங்கிய பிளாஸ்ரிக் தோணி. அதைப் பார்த்ததும் ஞானேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அத்தான், இதுக்குள்ள எழும்பி நிக்கக் கூடாதாம். ஜக்கெற்றும் கட்டாயம் போடட்டாம்," என்று றெக்ஸ் அந்த மனுசன் பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் சொன்னான். மூன்று வயதில் கனடா வந்தவன் அவன். நகரசபை நீச்சல் தடாகத்துக்கு வெளியே நீந்தியதில்லை.

"கடல் காணாத ஆக்களுக்குச் சொல்லுறதை எனக்குச் சொல்லுறான். நீ போடு தம்பி, வடிவாய் இறுக்கிப் போடு," என்றார் ஞானேந்திரன். தன்னுடைய மிதவைச் சட்டையைக் கழற்றி மடித்து, இருக்கையில் மெத்தை போல வைத்து, அதற்கு மேல் ஏறி இருந்தார்.

கரையில் பெண்கள் இருந்த இடம் மறையும்படி ஒரு பாறை முனையைத் தாண்டிப் போய்த் தூண்டில் போட்டார்கள். ஞானேந்திரனுடைய தூண்டிலில் மீன் இழுத்தது, நல்ல கனம். பேசாலையில் மீன் இழுத்தால் என்ன செய்வாரோ அதையே செய்தார்: எழுந்து நின்று, காலை அகட்டி, கயிற்றை இரண்டு கையாலும் வாங்கினார். வள்ளம் அதைத் தாங்கும். கயாக் ஒரேயடியாகப் புரண்டது.

அந்தத் தண்ணீரின் குளிர் அவர் அறியாதது. மூச்சு உள்ளே போகவில்லை. கடலில் பிறந்தவன் போல நீந்துகிறவருக்குக் கையும் காலும் சொல்வழி கேட்கவில்லை. "அம்மா, அம்மா" என்று கத்தினார். றெக்ஸ் பக்கத்தில் வந்ததும் அவனுடைய கயாக்கில் தொற்றி ஏறப் பார்த்து, அவனையும் கவிழ்க்கப் போனார்.

"ஏறாதையுங்கோ அத்தான்! பின்னுக்குப் பிடியுங்கோ. விடாமல் பிடியுங்கோ," என்றான் றெக்ஸ். பிறகு அந்தத் தடாக நீச்சல்காரன் அவரை இழுத்தபடி துடுப்புப் போட்டுக் கொண்டுவந்து, இடுப்பளவு தண்ணீரில் குதித்து, தோளில் தாங்கிக் கரை சேர்த்தான்.

முனைக்கு அப்பால் நடந்தது ஒன்றையும் காணாத கத்தரின் ஓடி வந்தாள். "ஐயோ, தம்பி விழுந்திட்டானோ? அவனைக் காப்பாத்தவே நீங்கள் பாய்ஞ்சனீங்கள்?"

ஞானேந்திரனுக்குப் பல் கிடுகிடுத்தது. "ஓம்," என்றார்.

ஒரே ஒரு சொல். றெக்ஸ் கயாக்கைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான், பிறகு குனிந்துகொண்டான்.

கத்தரின் சும்மா இருப்பாளா? அடுத்த ஞாயிறே மண்டபம் முழுக்கக் கதை. மூன்றாம் ஞாயிறு அலை பனை உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஆட்கள் முதுகில் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் கூனிக் குறுகினார்; அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் புகழ்ந்தார்கள். சொல்லிவிடவேண்டும் என்று நினைக்காத நாளில்லை. ஆனால் சொன்னால் ஞாயிற்றுக்கிழமையும் 'ஜோ' ஆகிவிடுவோமே என்று பயந்தார். வெட்கம் கெட்ட பயம்தான், அவருக்கே தெரியும்.

அடுத்த பங்குனியில் சர்மிளாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. "தகப்பனைத் தந்தது நீங்கள். பிள்ளைக்கு ஞானத்தகப்பனும் நீங்கள்தான் அண்ணை," என்றாள் சர்மிளா. மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. றெக்ஸ் அன்றும் வாய் திறக்கவில்லை.

ஞானஸ்நானத் தொட்டியடியில் பிள்ளையை ஏந்தி நின்றார். பங்குக் குருவான சுவாமி வழமைப்படி ஞானத்தகப்பனிடம் கேட்டார்: "சாத்தானையும் அதன் செயல்களையும் விட்டுவிடுகிறீர்களா?"

கோவிலில் இருந்தவர்கள் பதிலுக்குக் காத்திருந்தார்கள். சுவாமி இரண்டாம் தரமும் கேட்டார்.

"சுவாமி, இந்தப் பிள்ளையின்ர தகப்பனை நான் காப்பாத்தேல்லை," என்றார். "அவன்தான் என்னை இழுத்துக்கொண்டு வந்தவன். நான்... நான் அம்மா எண்டு கத்தினனான். பொய் சொல்லிப்போட்டன்."

கத்தரின் முந்தானையால் முகத்தை மூடினாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். சர்மிளா புருசனைப் பார்த்தாள். றெக்ஸ் மெதுவாகத் தலையாட்டினான். அவள் முன்னால் வர, பிள்ளையைத் திருப்பி வாங்கத்தான் வருகிறாள் என்று ஞானேந்திரன் இரண்டு கையாலும் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. அவளுடைய கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது.

"பிள்ளையின்ர கழுத்தை வடிவாய்ப் பிடியுங்கோ," என்றாள். "சுவாமி கேட்டதுக்கு இனிப் பதிலைச் சொல்லுங்கோ."

"விட்டுவிடுகிறேன்" என்று அவர் சொன்னது முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.